இடம் மாறிய வாள்

காலையில் உன் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். நீ போன முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் நினைவு மலரின் அட்டைக்காம். லண்டன் இல்ஃபோர்ட் வீட்டில் நீயே கைபேசியில் எடுத்த செல்ஃபி, பச்சைச் சேலை. ஏதோ சரியில்லை என்று பட்டது. பிறகுதான் கண்டேன்: முந்தானை வலத்தோளில் கிடந்தது; கைபேசி உன்னைக் கண்ணாடிபோல் இடம் வலமாக்கியிருந்தது.

அதைக் கவனிக்கும் கண் எனக்கு உன்னால் வந்தது. மியூசியத்தில் நாம் இருவரும் அறைக்காவலுக்கு நின்ற ஒரு குளிர்காலத்தில் ஜப்பானியப் போர்வீரர்களின் பழைய படங்களை வைத்திருந்தார்கள். கண்ணாடித் தகட்டில் எடுத்தவை, உள்ளங்கை அளவு. அந்தத் தகட்டில் இடம் வலமாக விழும். அதை அறிந்த வீரர்கள் இடப்பக்கம் இருக்கவேண்டிய வாளை வலப்பக்கம் செருகி, அங்கியையும் மாற்றி மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்களாம்; படத்தில் எல்லாம் சரியாக வந்துவிடும். மூலையில் இருந்த இளைஞன் மட்டும் மாற்றவில்லை. அதனால் படத்தில் அவன் அங்கியின் வலமடிப்பு மேலே தெரிந்தது. அவர்கள் நாட்டில் இறந்தவருக்குத்தான் அப்படி உடுத்துவார்கள் என்று கண்காட்சிப் புத்தகத்தில் வாசித்துவிட்டு வந்து சொன்னாய்.

"பாவம், உயிரோட இருக்கேக்கையே பிரேதம் மாதிரி நிக்கிறான். படத்துக்குக் கீழ ஒருதரும் அதைப்பற்றி ஒரு வரி எழுதி வைக்கேல்லை."

"எங்களுக்கென்ன? சனத்தோட கதைக்க வேண்டாமெண்டெல்லோ சொல்லியிருக்கினம்," என்றேன்.

நீ கேட்கவில்லை. அவனைப் பற்றி யார் கேட்டாலும் உன் அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கினாய். ஒரு கிழவர் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து நெடுநேரம் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு யாரோ முறையிட்டார்கள். உன்னைக் கோட்டுகள் வாங்கி வைக்கும் மேசைக்கு மாற்றினார்கள்.

உன் மகளை அழைத்து, படத்தை இடம் வலமாகத் திருப்பச் சொன்னேன்.

"அன்ரி, அம்மா கண்ணாடியில தன்னை இப்பிடித்தானே பாத்திருப்பா?"

"ஓம் பிள்ளை. ஆனா நாங்கள் பாத்த முகம் மற்றது."

கொஞ்ச நேரத்தில் திருப்பி அனுப்பினாள். அதில் நீ இருந்தாய். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டாள். வீரர்களின் கதையைச் சொன்னேன். மிச்சத்தை அவளிடம் சொல்லவில்லை.

உன்னை மாற்றுமுன் மேலாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். நீ வலியப் போய்க் கதைத்தாயா, வந்தவர்களே கேட்டார்களா என்றார். அவர்களே கேட்டதைக் கண்ணால் கண்டவள் நான். கவனிக்கவில்லை என்றேன். என் ஷிப்டையும் குறைத்துவிடுவார்களோ என்ற பயம்.

அன்று மத்தியானம் உன் இடியப்பத்தில் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டு, "உன்னட்டையும் கேட்டவையோ?" என்றாய்.

"இல்லை," என்றேன்.

"நல்லது. உன்னையும் இழுத்துப்போடுவினமோ எண்டு பயந்தனான்."

அதன் பிறகு எத்தனையோ மத்தியானங்கள் ஒன்றாகச் சாப்பிட்டோம். ஒருநாளாவது சொல்லியிருக்கலாம். நீ திட்டியிருப்பாய், பிறகு தேத்தண்ணி ஊற்றித் தந்திருப்பாய். சொல்லவில்லை. நீ சொன்ன அந்த "நல்லது" இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.