வாஷியிலிருந்து பத்தொன்பது கிலோமீட்டர்

11 ஜூலை 2024, வியாழன்

மழை. சாதனாவுக்கு ஸ்கூல் லீவு. உப்புமாவைப் பார்த்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பன்னிரண்டு வயதுக்கு இவ்வளவு வீம்பு ஆகாது.

மத்தியானம் செல்லப்பாண்டி வந்தான், இவருடைய தம்பி. "மைனி, அண்ணன் வண்டிய இனி நான் ஓட்டுதேன். சும்மா நின்னா துருப்பிடிச்சுப் போவும்." சரி என்றேன். இவர் இறந்துபோன மே மாதத்திலிருந்து டாக்ஸி எங்கள் தெருமுனையில், நைன்ட்டி ஃபீட் ரோட்டில்தான் நிற்கிறது. சாவியைத் திருகினான். இஞ்சின் ஓடுகிறது, கிலோமீட்டர் காட்டுகிற மீட்டர் எரியவில்லை. முன்கண்ணாடி ரப்பர் வழியாக மழைத்தண்ணீர் இறங்கிவிட்டதாம்.

13 ஜூலை, சனி

கோவண்டியிலிருந்து யாசர் வந்தார். கார் எலெக்ட்ரிக் வேலை பார்க்கிறவர், மேலப்பாளையத்துக்காரர். வண்டி நிற்கிற இடத்திலேயே மீட்டரைக் கழற்றினார். உள்ளே பச்சை பிடித்துக் கிடந்தது. குர்லா பங்கார் மார்க்கெட்டில், உடைத்த வண்டி ஒன்றிலிருந்து இதே மாடல் மீட்டர் எடுத்து வந்திருந்தார். மாட்டியதும் 61,207 என்று எரிந்தது. யாரோ எங்கேயோ ஓட்டிய கிலோமீட்டர்.

"லேப்டாப் போட்டு ஒங்க வண்டி ரீடிங்க ஏத்திரலாம்க்கா. பழசுலருந்து எடுக்க முடியாது, சிப்பு போச்சு. கடைசி நம்பர் சொல்லுங்க."

நோட்டைப் பார்த்தேன். தினமும் டூட்டி முடிந்ததும் இவர் கிலோமீட்டரை வாய்ஸ் மெசேஜில் சொல்லி அனுப்புவார், நான் எழுதி வைப்பேன். பேனா பிடிக்க அவருக்கு அவ்வளவு சோம்பல். கடைசியாக எழுதியது மே 8 — 1,38,291.

மே 9 வாய்ஸ் போனில் இருக்கிறது. நான் அதைக் கேட்கவில்லை.

14 ஜூலை, ஞாயிறு

"நூறு எறநூறு கூடக்கொறைய இருந்தா என்ன மைனி?" என்கிறான் செல்லப்பாண்டி.

என்னவென்று அவனிடம் எப்படிச் சொல்ல? இங்கே எழுதுகிறேன். சாதனாவுக்குத் தமிழ் வாசிக்க வராது, அதுவும் நல்லதுதான்.

மே 9 அன்றைக்கு அவளுடைய ஸ்கூல் மீட்டிங். வருவதாகச் சொல்லிவிட்டு ஏர்போர்ட் டூட்டி எடுத்துவிட்டார். "நீரு அவளுக்கு அப்பனா, டிரைவரா?" என்று வாசலில் வைத்துக் கேட்டேன். சாவியை எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் ஆறு பத்துக்கு வாய்ஸ் வந்தது. கொஞ்சம் காத்துக் கிடக்கட்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். ஏழே காலுக்குப் போலீஸ் கூப்பிட்டது. செம்பூர் நாகா முக்கில் ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கும் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தாராம். ஹார்ட் அட்டாக்.

16 ஜூலை

இன்றைக்கும் கேட்கவில்லை.

17 ஜூலை, புதன்

சாதனா ட்யூஷன் போனதும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"ஏட்டி, ஒன்னு முப்பத்தெட்டு நானூத்திப் பன்னெண்டு. எழுதிக்க. வாஷில பார்ட்டிய எறக்கியாச்சு. இன்னும் கோவந்தானா? நெஞ்சு ஒரு மாதிரி கரிச்சிட்டு வருது. காலைல ஒங்கிட்ட வாங்குன திட்டு செமிக்கல போல." சிரிக்கிறார். "சுக்குக்காப்பி போட்டு வையி. வாரேன்."

அய்யோ. கேட்டிருந்தா நிப்பாட்டச் சொல்லிருப்பேனே. வாஷிலேயே எத்தன ஆஸ்பத்திரி இருக்கு. வண்டிய எடுக்காதீரும்னு ஒரு வார்த்த — காத்துக் கெடக்கட்டும்னுல்ல நெனச்சேன் பாவி. அந்த ஒரு மணி நேரமும் நான் என்ன செஞ்சேன்? பட்டாணி உரிச்சேன்.

18 ஜூலை

நோட்டில் எழுதினேன். மே 9 — 1,38,412. எட்டு சரியாக விழவில்லை, மேலே திருத்தினேன்.

வாஷியிலிருந்து செம்பூர் நாகா பதினொரு கிலோமீட்டர், செல்லப்பாண்டி போனில் பார்த்துச் சொன்னான். அப்படியென்றால் வண்டி நின்றபோது 423.

20 ஜூலை, சனி

யாசர் லேப்டாப்போடு வந்தார். "நானூத்தி இருவத்தி மூணு போட்டுரவாக்கா?"

"அதுக்கு மேல எட்டு கூட்டுங்க."

என்னை நிமிர்ந்து பார்த்தார். "எல்லாரும் கொறைக்கச் சொல்லித்தான் வருவாங்க. நீங்க கூட்டச் சொல்றீங்களே. எதுக்குக்கா எட்டு?"

"நாகாவுலருந்து எங்க தெரு வரைக்கும்."

அன்றைக்கு டோயிங் வண்டிதான் தூக்கிக்கொண்டு வந்தது. சக்கரம் உருளவில்லை. செல்லப்பாண்டிக்குப் புரிந்துவிட்டது. துண்டால் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான், மழை பெய்துகொண்டிருக்கும்போதே. யாசர் லேப்டாப்பில் எண்ணைத் தட்டினார்.

1,38,431.

வீட்டுக்கு வந்து நோட்டில் மே 9-க்குக் கீழே எழுதினேன்: வீடு வந்தாச்சு — 1,38,431. சுக்குக்காப்பி போட்டேன். குடிக்க முடியவில்லை.

22 ஜூலை, திங்கள்

செல்லப்பாண்டிக்கு முதல் டூட்டி. சாயங்காலம் வாய்ஸ் வந்தது. சோறு வடித்துக்கொண்டிருந்தேன். பானையை அப்படியே வைத்துவிட்டு ஈரக்கையோடு கேட்டேன். "மைனி, 1,38,506. தானேல நிக்கேன்."

உடனே போன் போட்டேன். நெஞ்சு எப்படி இருக்கு என்று கேட்டேன். சிரித்தான். சிரிக்காதே, சொல்லு என்றேன்.