வெயிலில் வைக்காதே

இன்று காலை ஒரு பெண்ணுக்கு இறால் எடுக்க என் கடை பிரீசருக்குள் கையை விட்டேன். அடியில் ஐஸோடு ஒட்டிக்கொண்டு ஒரு துண்டுத்தாள். சிவப்பு மையில் உன் கோணல் கையெழுத்து: ‘வெயிலில் வைக்காதே.’ நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. “என்னாக்கா, கண்ணு கலங்குது?” என்று அந்தப் பெண் கேட்டாள். “ஐஸ் குளிரு லா,” என்று சொல்லிச் சமாளித்தேன். ரெங்கம் கடைத்தெருவில் நின்றுகொண்டு உன்னைப் பற்றி எங்கிருந்து தொடங்குவது?

வெள்ளத்திலிருந்து பழைய பொருள்களைக் காப்பாற்ற ஊர் மக்களுக்கே சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று ஜொகூர் பாருவுக்கு இரண்டு நாள் வகுப்புக்குப் போய்வந்தாய். நான் வாய்விட்டுச் சிரித்தேன். “வெள்ளம் வந்தா அரிசியையும் பிள்ளைங்க பாஸ்போர்ட்டையும் தூக்குறதா, கோயில் உறுமிய தூக்குறதா?” என்றேன். உனக்குக் கோபமே வரவில்லை. “ரெண்டையும் தூக்கப் பழகிக்கணும் டி,” என்றாய்.

ரப்பர் தோட்டம் மூடியபோது நம் ஜனங்கள் கொண்டுவந்ததெல்லாம் ஆற்றோரக் கோயிலின் பொருளறையில்தான் கிடந்தது. உறுமி, தீமிதி விளம்பரத் தட்டி, ஓர் ஆல்பம். அந்த ஆல்பத்தில்தான் என் அம்மாவின் ஒரே படம் இருந்தது. ரப்பர் பால்வாளியோடு, உன் அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்பார்.

தோட்டத்தில் விடிகாலையில் பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணுவதைப் பெரட்டு என்போம். வகுப்பு முடிந்து வந்து நீ நடத்திய பயிற்சிக்கும் அதே பெயரை வைத்தாய். ஒரு பொருளுக்கு ஒருவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நீ விசில் ஊதுவாய். அவரவர் பொருளோடு மேட்டிலிருக்கும் பள்ளி மண்டபத்துக்கு ஓட வேண்டும். அங்கே பட்டியலை வாசிப்பாய். “உறுமி?” “இருக்கு!” முதல் நாள் கோயில் செயலாளர் மைக் செட்டை அணைத்துக்கொண்டு வந்து நின்றார். “அண்ணே, அது குளுவாங் கடையில கிடைக்கும். போய் வச்சிட்டு வாங்க,” என்று திருப்பி அனுப்பினாய். நனைந்த படங்களைக் கையாண்டு பழக ஓர் ஆல்பம் கேட்டபோது என் கல்யாண ஆல்பத்தைக் கொடுத்தேன். “நல்லா ஊறப்போடு, எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல,” என்றேன். நீ சிரித்த சிரிப்பில் விசில் படம் ஊறவைக்கும் வாளிக்குள் விழுந்தது.

சித்திரையில் நீ கண்ணை மூடிவிட்டாய். மார்கழியில் வெள்ளம் வந்தது.

விசிலை நான் ஊதினேன். கொட்டும் மழையில் எல்லாரும் ஓடினோம். மண்டபத்தில் பட்டியலை வாசித்தேன். உறுமி இருந்தது, தட்டி இருந்தது. “ஆல்பம்?” என்றேன். எவர் கையிலும் அது இல்லை. தாளைப் பார்த்தேன். ஆல்பத்துக்கு எதிரே உன் பெயர். அதை அடித்துவிட்டு வேறொருவர் பெயரை எழுத எங்களில் எவருக்கும் மனம் வரவில்லை. உன் மேலிருந்த பாசத்தில் என் அம்மாவைத் தண்ணீரில் விட்டுவிட்டேன். திரும்பி ஓடலாமென்றால் ஆற்றோரப் பாதையில் இடுப்பளவு வெள்ளம்.

மறுநாள் தண்ணீர் வடிந்ததும் போனோம். ஆல்பம் ஊறிப் பருத்துக் கிடந்தது. செயலாளர் அதை வாசல் வெயிலில் வைத்துப் பக்கங்களைப் பிரிக்கப் போனார். “அலமாக், தொடாதீங்கண்ணே! வெயில்ல வைக்காதீங்க!” என்று நான் போட்ட கூச்சலில் எனக்கே உன் குரல் கேட்டது. உடனே பக்குவமாக உலர்த்த முடியாவிட்டால் உறையவை என்று நீ சொன்னது நினைவிருந்தது. ஆல்பத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, நீ எழுதி வைத்துவிட்டுப் போன தாள்களில் ஒன்றை மேலே ஒட்டி, கோழி பாக்கெட்டுகளை ஒதுக்கி என் பிரீசரில் வைத்தேன்.

நேற்று உனக்கு வகுப்பெடுத்த அதிகாரியே வந்தார். ஆல்பத்தை மெல்ல உருகவிட்டு ஒவ்வொரு படமாகப் பிரித்தோம். சில படங்கள் வெறும் கறையாகிவிட்டன. அம்மாவின் சேலையும் வாளியும் கரைந்துவிட்டன, முகம் இருக்கிறது. பக்கத்தில் உன் அம்மா உன்னைப் போலவே எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறார். அத்தனை பேர் முன்னால் அழுதேன்.

பையிலிருந்து கழன்று பிரீசரில் ஒட்டிய தாளை இனிச் சுரண்டப்போவதில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். பட்டியலில் மட்டும் உன் பெயரை இன்று அடித்தேன். கோபிக்காதே. அதற்குப் பக்கத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பெரட்டில் செயலாளர் “ஆல்பம்?” என்று கூப்பிடுவார். நம் அம்மாக்கள் இருவரையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் சொல்வேன், “இருக்கு!”