ஒரு பக்கம் கருகிய சாண்ட்விச்

மேதாவின் அம்மாவுக்கு,

திருச்சியில் உன் தங்கை வீட்டில் எல்லோரும் சுகம்தானே? போனை நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். இங்கே வடக்கே, நம் கிட்வாய் நகரில் குளிர் இன்னும் விடவில்லை.

இன்று சாயங்காலம் பால்கனியில் கரி அடுப்பை மூட்டினேன். ரொட்டிக்குள் உருளைக்கிழங்கு மசாலா வைத்து, நம் பழைய டோஸ்டர் இடுக்கியில் அடைத்துத் தணலில் பிடித்தேன். ஒரு பாதியில் பச்சை மிளகாய் போடவில்லை. கைப்பழக்கம். உனக்குத்தான் காரம் ஆகாதே.

எப்போதும் நான் விசிறுவேன், நீ இடுக்கியைப் பிடித்துத் திருப்புவாய். இன்று இரண்டையும் நானே செய்தேன். விசிறிக்கொண்டே இருந்ததில் திருப்ப மறந்து, ஒரு பக்கம் கருகிவிட்டது.

சம்பந்தி வீட்டார் வந்த அன்றும் ஒன்று கருகியது. அவர்கள் முன்னால், "தள்ளு, உனக்குத் திருப்பவே தெரியல" என்று உன் கையிலிருந்து இடுக்கியைப் பிடுங்கினேன். மறுநாளே நீ ரயில் ஏறிவிட்டாய்.

அன்று புகை அதிகம். விசிறியது நான்தான்.

கருகல் வாசனைக்கு எதிர் வீட்டு சர்மா அம்மாள் எட்டிப் பார்த்தாள். "பாபிஜி கப் ஆயேங்கி?" என்று நீ வரும் நாளைக் கேட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்று வாயில் வந்துவிட்டது.

மிளகாய் இல்லாத பாதியைத் தட்டில் மூடி வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்காதே.

ஞாயிற்றுக்கிழமைக்குக் கரி இருக்கிறது. விசிறி மட்டும் என்னிடம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
திருப்பத் தெரியாதவன்