கோட்டுக்கு வெளியே இரண்டு விரல்

என் அன்பு மாமி,

நீங்கள் கண்மூடி மூன்று மாதமாகிறது. நேற்று இங்கே இலண்டனில், டூட்டிங் பூங்காவில் நடந்ததை உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

அப்பாவுக்கும் நீங்கள் மாமி, எனக்கும் மாமி. பதினாறு வயதில் நான் படிப்பை விட்டு மரக்கறிக் கடையில் சேர்ந்தபோது எல்லோரும் ஏன், ஏன் என்று கேட்டார்கள். நீங்கள் மட்டும், "அப்ப சனிக்கிழமை உனக்கு லீவோ? என்னை ரெனிஸ் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ" என்றீர்கள். அதற்கு நான் நன்றி சொன்னதே இல்லை.

யாழ்ப்பாணத்தில் உங்கள் ஐயாவின் வேட்டியை வெட்டிப் பாவாடை தைத்து டென்னிஸ் ஆடத் தொடங்கியவர் நீங்கள். கொழும்பில் அரையிறுதி வரை போனீர்கள். பிறகு இலண்டனில் இரண்டு கோடைகாலம் புல்தரையில். "முதல் நாள் என்னைப் பந்து பொறுக்க வந்தவள் எண்டு நினைச்சவை. முதல் செற் ஆறுக்கு ஒண்டு. பிறகு ஆர் பந்து பொறுக்கினது?" என்று சிரிப்பீர்கள். அதன்பின் ஆஸ்பத்திரி ஷிப்ட், பிள்ளைகள். உங்கள் ஆட்டம் அதோடு நின்றது; கடைசியில் பூங்காவில் எனக்கு ஆடப் பழக்கினீர்கள்.

எனக்கு அடிக்க வரும், வாய்தான் வராது. பூங்கா ஆட்டத்தில் நடுவர் கிடையாது. நம் பக்கம் பந்து வெளியே விழுந்தால் நாமே 'அவுட்' என்று சொல்ல வேண்டும். நான் சொல்லாமல் அதையும் திருப்பி அடிப்பேன். அப்படியே மூன்று ஆட்டம் தோற்றேன்.

"எடியே, பந்து பக்கத்து வீட்டுக்காரற்ற முற்றத்துக்குள்ள விழுந்தாலும் நீ ஓடிப்போய் அடிப்பாய்!" என்று பெஞ்சில் இருந்து ஏசுவீர்கள்.

ஒரு நாள் ஏசவில்லை. கொழும்பு அரையிறுதியைப் பற்றிச் சொன்னீர்கள். எதிரே கிளப் செயலாளரின் மனைவி. அவர் அடித்த கடைசிப் பந்து ஒரு சாண் வெளியே. நடுவர் சரியாகக் காணாமல் உங்களையே கேட்டிருக்கிறார். நீங்கள் பேசாமல் நின்றீர்கள், தோற்றீர்கள். "மரியாதை எண்டு நினைச்சன். மரியாதை இல்லைப் பிள்ளை, பயம்."

நேற்றைய ஆட்டத்தில் வெல்பவருக்குத்தான் பூங்காவின் பெண்கள் அணியில் கடைசி இடம். எதிரே என்னைவிட இரண்டு மடங்கு வயதுள்ள ஒரு பெண். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் இடம் எனக்கு. அவர் அடித்த பந்து கோட்டுக்கு வெளியே இரண்டு விரல் தள்ளி விழுந்தது.

"அவுட்!"

அவர் வலையருகே வந்து, நிச்சயமா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஓம்" என்றேன் மாமி. தமிழில்! பதற்றத்தில் வேறு சொல் வரவில்லை. அவருக்குச் சொல் விளங்கவில்லை, குரல் விளங்கிவிட்டது. கைகுலுக்கக் கை நீட்டினார்.

அன்று நீங்கள் வாய் திறந்திருந்தால் இறுதியாட்டத்தில் என்ன நடந்திருக்கும்? அதை நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். பெரியவர்கள் எனக்கு வென்ற கதைகளைத்தான் சொல்வார்கள். நீங்கள் தோற்றதைச் சொன்னீர்கள். எல்லாவற்றையும்விட அதற்குத்தான் நன்றி.

வரும் ஞாயிறு அணியில் என் முதல் ஆட்டம். வெளியே விழுந்ததை வெளியே என்பேன். கோட்டில் பட்டதை, அதனால் நான் தோற்றாலும், உள்ளே என்பேன். இரண்டையும் ஒரே சத்தத்தில் சொல்வேன், மாமி.

உங்கள் மருமகள்,
துளசி