வரவுசெலவு உரையில் நீ சொல்லாமல் விட்ட வரி

இன்று பிற்பகல் வெள்ளவத்தையில், காலி வீதிக் கடையொன்றில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சியில் நிதியமைச்சர் வரவுசெலவுத்திட்ட உரையைச் சிங்களத்தில் வாசிக்க, அதன்மேல் ஒரு பெண்குரல் தமிழில் சொல்லிக்கொண்டு போனது. "புற்றுநோயாளருக்கான கதிர்வீச்சு இயந்திரத்துக்கு இம்முறை முன்னுரிமை வழங்கப்படும்." நம்முடைய அதே வசனம். ஊசிப்போன கறியை மறுபடி சூடாக்கி இலையில் வைத்ததுபோல இருந்தது. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அந்த வசனத்தை நானும் நீயும் எத்தனை அமைச்சர்களுக்காகச் சொல்லியிருப்போம்! உரைபெயர்ப்பாளர்களான நாம் இருவரும் பாராளுமன்றச் சபைக்கு மேலே கண்ணாடி அறையில், ஒலிவாங்கிகளுக்கு முன்னால் அருகருகே இருப்போம். ஆட்சி மாறும், நாற்காலியில் இருப்பவர் மாறுவார், வசனம் மாறாது. அடுத்த பக்கத்திலேயே அமைச்சர்களுக்குப் புதிய வாகனமும் ஏரிக்கரைக்கு நடைபாதையும் அலங்கார விளக்கும் வரும். அவை மட்டும் வருடம் முடிவதற்குள் உண்மையாகவே வந்துவிடும். நீ ஒலிவாங்கியை மூடிவிட்டு, "வாய் கொப்பளிக்க வேணும் போல கிடக்குதடி" என்பாய்.

பிறகு உன் மார்பிலேயே கட்டி வந்தது. கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து உன்னை அரச மருத்துவமனைக்கு நான்தான் கூட்டிப்போனேன். இருந்த ஒரே இயந்திரமும் பழுதாகிக் கிடந்தது. "புது மெஷின் இன்னும் வரேல்ல அக்கா, வந்தால் கோல் எடுப்பம்" என்றாள் தாதி.

உட்கார்ந்து காத்திருந்த வாங்கில் நம் பக்கத்தில் மாளிகாவத்தையிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் உம்மா இருந்தார். நீ தாதியோடு கதைத்ததைக் கேட்டு உன்னையே பார்த்தார்.

"ஒங்கட கொரல் கேட்ட கொரலா ஈக்கிதே. பட்ஜட் அன்னக்கி டீவீல பேசினது நீங்க தானே? மெஷின் வருதுண்டு சொன்னீங்களே. அத நம்பித்தான் நானும் வந்துக்கிட்டு ஈக்கிறன்."

நீ எழுந்தாய். கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தாய். புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்தின் வேலை என்று நினைத்தேன்.

"மருந்தில்லையடி" என்றாய், முகத்தைத் துடைத்தபடி. "அந்த மனுசிக்குப் பொய் சொன்னது அமைச்சர் இல்லை. என்ர குரல்."

அடுத்த உரைக்குத் தலையில் துணி சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்தாய். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அந்த வசனம் வந்தது. நீ வாயைத் திறக்கவில்லை. நான் என் ஒலிவாங்கியின் பொத்தானுக்குக் கையை நீட்ட, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். பிடி தளரவில்லை. கீழே அமைச்சர் வாசித்து முடித்தார், மேசைகளைத் தட்டினார்கள். தமிழில் மட்டும் அந்த இடம் வெறுமையாகப் போனது. அதற்கடுத்த வசனத்தை வழக்கம்போலத் தொடங்கினாய்.

மேலதிகாரி ஓடிவந்தார். "ஏன் மிஸ் அந்த வரியை விட்டனீங்கள்?"

"அதில மொழிபெயர்க்க ஒண்டும் இருக்கேல்லை, சேர்."

அதோடு உன்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பொய்யைச் சொன்னவருக்கு அடுத்த வருடமும் அதே நாற்காலி. நீதான் அதுவரை இருக்கவில்லை. இயந்திரமும் வரவில்லை. உன் செத்தவீட்டுக்கு அலுவலகத்திலிருந்து மலர்வளையம் ஒன்று அனுப்பியிருந்தார்கள், மும்மொழியிலும் அனுதாபத்தோடு. தமிழில் எழுத்துப்பிழை. அதைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

நானும் அந்த வேலையை விட்டுவிட்டேன். இப்போது கிளினிக் நாட்களில் அதே மருத்துவமனைக்குப் போய், டொக்டர்கள் சொல்வதைச் சிங்களம் விளங்காத பெண்களுக்குத் தமிழில் சொல்கிறேன். அந்த உம்மாவைப் பிறகு காணவில்லை. விசாரிக்க எனக்குத் துணிவு வரவில்லை.

போன வாரம் கிராண்ட்பாஸிலிருந்து வந்த பெண்ணொருத்தி, "மெஷின் வருமா அக்கா?" என்று கேட்டாள். "வருமெண்டு சொல்லுறாங்கள். எப்ப எண்டு எனக்குத் தெரியாது. இப்ப இல்லையம்மா" என்றேன். அழுதாள். அழுது முடியும்வரை பக்கத்தில் இருந்தேன். உன்னிடமிருந்து நான் வைத்திருப்பது இவ்வளவுதான்: இல்லாததை இருக்கிறதென்று சொல்ல இந்த நாக்கு இனி எழும்பாது.