உன் சித்தி திறக்கும் பள்ளிக்கூடம்

அன்பு மகள் ஜெனிதாவுக்கு அம்மா எழுதுவது. அடைக்கல மாதா தயவில் நானும் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் அமெரிக்காவில் அப்படியே இருக்க வேண்டும் என்று செபமாலை சொல்லும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை, ஆனாலும் கொல்லைக்கு சைக்கிளில்தான் போவேன் என்கிறார், சொன்னால் கேட்பதில்லை. முந்திரிக் கொல்லையில் களை எடுத்தாயிற்று, மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நீ யோசிப்பாய். போனில் என்றால் நான் எடுத்த எடுப்பில் கோபப்படுவேன், நீயும் ஆபீஸ் கால் வருதும்மா என்று வைத்துவிடுவாய். இதை நீ நிதானமாகப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உன் சித்தி ஆனி ரோஸ் திருச்சியில் பிரின்சிபாலாக இருந்து, எனக்கு முன்னாலேயே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மே மாதமே ஊரோடு வந்துவிட்டாள், அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரிந்ததைவிட உனக்கு அதிகமாகவே தெரியும் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. சித்தப்பா இல்லாத வீட்டில், பிள்ளையும் இல்லாமல் அவள் தனியாகக் கிடக்க வேண்டாம், நம் ஊரில் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்து இருக்கட்டும் என்று கூப்பிட்டது நான்தான். வந்த முதல் ஞாயிறே பங்குச் சாமியார் பூசையில் பைபிளின் முதல் வாசகத்தை அவளிடம் கொடுத்துவிட்டார். எத்தனை வருடமாக அதை நான் வாசிக்கிறேன், உனக்கே தெரியும். கஞ்சி போட்ட சேலையில் விறைப்பாக நின்று அவள் வாசித்ததும், வெளியே வந்தவர்களெல்லாம் டீச்சரம்மா என்ன கணீர்னு படிக்கிறாங்க என்றார்கள். டீச்சரம்மா என்றால் இந்த ஊரில் அதுவரைக்கும் நான் ஒருத்திதான். அப்பாவிடம் சொன்னேன், ஒனக்குப் பொறாமை, வேற ஒன்னும் இல்ல என்று சிரித்தார். அன்றைக்கு அவருக்குக் குழம்பில் புளி கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது.

பிறகுதான் இந்தப் பள்ளிக்கூடப் பேச்சு கிளம்பியது. வெளிநாட்டில் இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு அறக்கட்டளை வைப்பார்களாம், பஞ்சாயத்து இடம் கொடுக்க வேண்டுமாம், கட்டணம் கிடையாதாம், ஒன்றாம் வகுப்பிலிருந்தே இங்கிலீஷாம், சித்திதான் நடத்துவாளாம். இடம் எது தெரியுமா? என் பள்ளிக்கூடத்தை ஒட்டிக் கிடக்கிற புறம்போக்கு. இரண்டு வகுப்பறை கட்டித் தாருங்கள் என்று அதே இடத்தைக் காட்டி நான் ஒன்றிய ஆபீஸுக்கு நடையாய் நடந்தேன், ஒரு செங்கல் விழவில்லை. இவள் வந்து சில மாதத்தில் கேட்கிறாள், ஊரே தலையை ஆட்டுகிறது. டீக்கடை, ரேஷன் கடை, கோவில் வாசல், எங்கே போனாலும் இதே பேச்சு. எட்டாவது வரைக்கும் இருக்கிற என் பள்ளியிலோ பிள்ளைகள் வருடாவருடம் குறைகிறார்கள். பாதிப் பேர் ஜெயங்கொண்டத்து இங்கிலீஷ் பள்ளிகளுக்கு வேனில் போகிறார்கள், மிச்சமும் போய்விட்டால் கதவைச் சாத்த வேண்டியதுதான். நான் ஹெட்மிஸ்ட்ரஸாக இருக்கும்போது அப்படி நடப்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

காந்தி ஜெயந்தி அன்று சமுதாயக் கூடத்தில் கிராம சபை. உட்கார இடமில்லை. முதலில் எழுந்தது என் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி மணிமொழி, லாரி ஓட்டுகிற ரஞ்சித்குமாரின் மனைவி. அவள் மகள் என்னிடம் நான்காவது படிக்கிறாள். டீச்சர் மேல எங்களுக்கு ஒரு குறையும் இல்லங்க, ஆனா எம்புள்ளையும் நாலு வார்த்தை இங்கிலீசு பேசணும்ல, புதுப் பள்ளிக்கூடம் வரட்டும் என்றாள். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவளுடைய மாமனார் பாவாடை சும்மா இருப்பாரா, இன்னைக்கு ஃப்ரீன்னுவாங்க, நாளைக்கு பரீட்சை வெச்சு நம்ம தெருப் புள்ளைங்கள வெளிய நிறுத்துவாங்க, அதுக்குள்ள டீச்சர் பள்ளிக்கூடமும் மூடிடும், அப்பறம் எங்க போய் நிப்ப என்று மருமகளிடமே சண்டைக்குப் போய்விட்டார். இரண்டு பக்கமும் சத்தம். பஞ்சாயத்துச் செயலாளர் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் சித்தி மைக்கை வாங்கினாள். அமெரிக்காவுல சார்ட்டர் ஸ்கூல்னு இருக்குங்க, பணம் கவர்மெண்டுது, நடத்துறது ஊர்க்காரங்க, பீஸ் கிடையாது, பரீட்சை வெச்சு எடுக்கவும் கூடாது, அதே மாதிரிதான் இதுவும், பணம் மட்டும் அறக்கட்டளையோடது. எங்க ஜெனிதாதான் எனக்கு எல்லாம் வெவரமா சொல்லிக் குடுத்துச்சு, வாரா வாரம் பேசுது, திறப்பு விழாவுக்கும் வரேன்னு சொல்லிருக்கு என்றாள். கூட்டம் கைதட்டியது. பக்கத்தில் இருந்த கொளஞ்சி என் தோளைத் தட்டி, ஒங்க பொண்ணு வருதா, சொல்லவே இல்லியே என்றாள். எனக்கே அங்கேதானே தெரிந்தது. பாப்பாவின் முதல் நன்மை விழாவை இங்கே நம் கோவிலில் வந்து வையுங்கள் என்று எத்தனை தடவை கேட்டேன், லீவு இல்லைம்மா என்றாய். சித்தியின் பள்ளிக்கூடத்துக்கு லீவு இருக்கிறது. என்னிடம் நீ பேசுவதெல்லாம் மாத்திரை சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அதோடு சரி. எங்க ஜெனிதாவாம். எங்க!

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. மைக்கெல்லாம் வாங்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே கத்தினேன். அஞ்சு வயசுப் புள்ளைய ஏன் எங்கிட்டேருந்து புடுங்குற, அதுங்கள நான் பாத்துக்குறேன். அம்புட்டு ஆசையா இருந்தா ஒம்போதாவதுலேர்ந்து நடத்து. எட்டு முடிச்ச பொம்பளப் புள்ளைங்க பஸ்ஸு இல்லாம முந்திரிக் கொட்டை ஒடைக்கப் போவுதுங்களே, அதுங்கள எடுத்துப் படிக்க வெச்சுக் காட்டு பாப்போம் என்றேன். பிள்ளைகள் மீது அக்கறைப்பட்டுச் சொன்னேன் என்று நினைக்காதே. அந்த வயதுப் பிள்ளைகளைப் புதிதாகச் சேர்த்துப் பத்தாவது தேற வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை, அவள் பின்வாங்குவாள், எல்லோர் முன்னாலும் வாயடைத்து நிற்கட்டும் என்றுதான் சொன்னேன். கூடம் கப்பென்று அடங்கிவிட்டது. மணிமொழிதான் முதலில், டீச்சர் சொல்றது சரிதானே, நம்ம புள்ளைங்க எட்டோடதானே நிக்கிதுங்க என்றாள். பாவாடையும் அப்படின்னா எனக்கு சம்மதம் என்றார். சித்தி உடனே மைக்கில், எங்க அக்கா சொல்றதுதான் சரி, ஒன்பதாம் வகுப்பிலேருந்தே ஆரம்பிக்கிறோம், எட்டு வரைக்கும் அவங்க பள்ளிக்கூடம்தான் என்று சொல்லிவிட்டாள். அப்படியே தீர்மானம் போட்டுக் கையெழுத்தும் ஆகிவிட்டது. வெளியே வந்தால் அக்காவும் தங்கச்சியும் வூட்லயே பேசி வெச்சுட்டுத்தான் வந்திருக்காங்க என்று ஆளாளுக்குப் பாராட்டு. நான் சண்டை போட்டேன் என்பதைக்கூட ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் சித்தி வந்தாள். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன், வா என்றுகூடச் சொல்லவில்லை. அவளாகவே மணையைப் போட்டு உட்கார்ந்து அரிவாள்மணையை இழுத்து வெங்காயம் அரிந்தாள். அரிந்துகொண்டே, நீ எழுந்து நின்னா இந்த ஊரே வாய மூடிக்கிட்டு கேக்குதுக்கா, நான் மைக்க புடிச்சுக் கத்துனாலும் நம்ப மாட்டேங்குது, இத்தன வருசம் பிரின்சிபாலா இருந்தேன், போன்ல கூப்புட்டு எப்படி இருக்கீங்கன்னு கேக்க ஒரு புள்ள கெடையாது, ஒம்பொண்ணு பேசுனா நான் அத வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் சொல்லிக்கிறேன், அதான் என்றாள். எனக்கு அதைக் கேட்க நன்றாக இருந்தது ஜெனி, பொய் சொல்ல மாட்டேன். குழம்பு கொதித்ததும் அவளுக்கு முதலில் ஊற்றினேன். உன்னோடு பேச வேண்டாம் என்று அவளிடம் சொல்ல வாய்வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. நீயும் பேசு, நிறுத்தாதே, அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்.

குளிர் ஆரம்பிக்கும் என்கிறார்கள், பாப்பாவுக்குக் காதை மூடி அனுப்பு. மாப்பிள்ளையை வெறும் ரொட்டியில் ஓட்டாமல் ஒரு வேளையாவது சோறு சாப்பிடச் சொல். ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே. மாதா உங்கள் மூன்று பேரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும், அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். ஒன்றே ஒன்று மறக்காதே. டிக்கெட் போட்டதும் தேதியை எனக்கு மட்டும் முதலில் சொல், சித்தியிடம் மூச்சு விடாதே. அவள் வீட்டுக்கு நடந்து போய் அதை நான் என் வாயால் சொல்ல வேண்டும்.

உன்னைப் பெற்றவள்,
இன்னாசிமேரி