தரையிலிருந்து இரண்டடி

எதிர் வீட்டில் டிஸ்டெம்பர் அடிக்கிறார்கள். காலையிலிருந்து அந்த ஈர வாசம் என் அறைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. கதவைச் சாத்தினாலும் போகவில்லை. இந்த வாசம் வந்தால் நீயும் வந்துவிடுகிறாய். வந்தால் சும்மா இருக்கிறாயா? "மொதக் கோட்டு காயறதுக்குள்ள ரெண்டாங் கோட்டு அடிக்கிறானுங்க பாரு" என்று என் வாயால் சொல்ல வைக்கிறாய். பெயிண்டர் என்னை முறைத்துவிட்டுப் போனார். செத்தும் எனக்குச் சண்டை இழுத்துவிடுகிறவன் நீ ஒருவன்தான்.

சேலத்தில் அந்தக் கான்டிராக்டர் ஆபீசில் நீ பிளான் வரைகிற டிராப்ட்ஸ்மேன், நான் டைப்பிஸ்ட். கட்டடம் எழும்பிய பிறகு உள்ளே என்னென்ன வேலை, எந்தச் சாமானால், எந்த அளவில் என்று எழுதுகிற ஸ்பெசிபிகேஷன் முழுக்க உன் தலையில். தரைக்கு என்ன கல், கதவுக்கு என்ன மரம், சுவருக்கு என்ன நிறம். மற்ற ஆபீசுகளில் பழைய வேலையின் தாளை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றுவார்கள். ஜவுளிக்கடைக்கு எழுதியது கல்யாண மண்டபத்துக்குப் போகும், அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும். நம் முதலாளிக்கும் அதில்தான் பிரியம். நீ மட்டும் ஒவ்வொன்றையும் புதிதாக எழுதி என் விரலை ஒடித்தாய். கார்பன் வைத்து அடிக்கிற தாள். நீ ஒரு வார்த்தையை மாற்றினால் எனக்கு முழுப் பக்கமும் மறுபடி. உன்னை நான் திட்டாத நாள் உண்டா?

ஊருக்கு வெளியே கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆஸ்பத்திரியில், காசநோய்க்காரர்களுக்குப் புது வார்டு கட்டும் வேலை வந்தது. முதலாளி எடுத்துக் கொடுத்த பழைய தாளில் சன்னலின் அடிமட்டம் தரையிலிருந்து மூன்றரை அடி. அப்படியே நான் அடித்தும் முடித்துவிட்டேன். நீ அதை உருவிப் படித்துவிட்டு, இரண்டு பெஞ்சுகளை ஒன்றாகச் சேர்த்துப் போட்டு, "படுடா" என்றாய்.

"என்னத்துக்கு?"

"படுன்னா படேன். வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கோணுமா?"

படுத்தேன். தெருக்கதவைத் திறந்து, வாசலுக்குக் குறுக்கே மூன்றரை அடி உயரத்துக்கு டிராயிங் போர்டை நிறுத்தினாய்.

"என்ன தெரியுது?"

"மேகம்."

"வேற?"

"ஒரு காக்கா போச்சு."

"பொழுதன்னிக்கும் மேகத்தையே பார்த்துட்டு எத்தனை மாசம் கெடப்பே? வாரவங்க போறவங்க தெரிய வேண்டாமா?"

போர்டை இரண்டடிக்கு இறக்கினாய். டீக்கடை, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள், நின்றிருந்த லாரியின் சக்கரம் எல்லாம் தெரிந்தன. இரண்டடி என்று எழுதினாய். மேல்கூரைக்கு வெள்ளை வேண்டாம், மல்லாந்து கிடக்கிறவனுக்குக் கண் கூசும், வெளிர் பச்சை என்றும் எழுதினாய். முதலாளி படித்துவிட்டு, "ஏப்பா, ரெண்டடியில சன்னல் வெச்சா நாய் ஏறி உள்ள வரும். யாரு இதையெல்லாம் கேட்டா?" என்றார்.

"படுத்திருக்கறவன் கேப்பானுங்க" என்றாய். சொல்லிவிட்டு இருமினாய். நெடுநேரம் இருமினாய். எல்லாம் பீடியால் வந்த வினை என்று நான் வேறு உன்னைத் திட்டினேன். உனக்கு அப்போதே தெரியுமா? தெரிந்துதான் எழுதினாயா? இது இன்றுவரை என்னை அரிக்கிறது.

வார்டு திறந்த மறு வருஷமே உன்னை அதில் சேர்த்தார்கள். சன்னலோரக் கட்டில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நான் பஸ் ஏறிவிடுவேன். பஸ் நிற்கிற புளியமரத்திலிருந்து வார்டு வரை நீண்ட மண்பாதை. முதல் தடவை நான் வந்தபோது சிரித்தாய். "நீ எறங்குனதுல இருந்து பார்த்துட்டேதான் இருக்கறேன். வழியெல்லாம் வேட்டிய இழுத்து இழுத்துக் கட்டறயே, கயிறு வாங்கித் தரட்டுமா?"

ஆனால் நீ அந்தப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்காக அல்ல. வியாதி ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, உன் மனைவியையும் கைக்குழந்தையையும் உன் மாமனார் சேந்தமங்கலத்துக்குக் கூட்டிப்போய்விட்டார். ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் தலையணையிலிருந்து எக்குவாய். இறங்குவது வேறு யாரோ. அந்தக் கோடை முழுக்க இதே கதை. ஒரு நாள், "இந்தச் சன்னலை எழுதினவனைக் கண்டா ஒதைக்கோணும்டா" என்றாய். சிரிப்பாய் என்று உன் முகத்தைப் பார்த்தேன். நீ சிரிக்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. உன்னிடம் சொல்லாமல் சேந்தமங்கலத்துக்குப் போனேன். "ஏனுங்க, எனக்கு இருக்கறது ஒரே புள்ளைங்க. அதையும் அங்க அனுப்பிப்போட்டு நான் என்னத்தைங்க பண்ணுவேன்?" என்றார் உன் மாமனார். நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். அவர் கண் கலங்கியதும் எழுந்துகொண்டேன். உன் மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது அவளிடம் சொன்னேன்: "அம்மிணி, அவன் சன்னலோரந்தான் படுத்திருக்கான். புளியமரத்துக்கிட்ட நீ எறங்குனாலே பார்த்துருவான்."

"வாரேனுங்கண்ணா" என்றாள். "எப்படியாச்சும் வந்துடறேன்."

அடுத்த ஞாயிறு நான் வந்தபோது சன்னலோரம் நீ இல்லை. சுவரோரக் கட்டிலில் கிடந்த எருமப்பட்டிப் பெரியவர் அங்கே இருந்தார். நீதான் கேட்டு மாற்றிக்கொண்டாயாம். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தாய். "டேய், அவ வாரேன்னு சொல்லீருக்காடா" என்று காதருகே சொன்னேன். கேட்டதோ இல்லையோ, நீ திரும்பவில்லை. மூச்சு வேறு மாதிரி ஆகியிருந்தது. கன்னியாஸ்திரி அம்மா கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டார். என் கைக்குள் இருந்த உன் கை கொஞ்ச நேரத்தில் கனத்துப்போனது. படுபாவி, இன்னும் ஒரு பஸ் பார்த்திருக்கக் கூடாதா?

அந்தப் பஸ் வந்தது. நான் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து பார்த்தேன். புளியமரத்தடியில் உன் மனைவி, இடுப்பில் குழந்தை. நாலு எட்டு நடந்ததும் சன்னலைப் பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டினாள். பெரியவருக்கும் பார்க்க வர ஆள் இல்லை. பாதையில் யார் வந்தாலும் கையாட்டுவார். எழுந்து உட்கார்ந்து அவரும் ஆட்டினார். அவ்வளவு தூரத்தில் சன்னலுக்குள் இருக்கிற முகம் எங்கே தெரியப்போகிறது? குழந்தையின் கையையும் பிடித்து ஆட்டிக்காட்டினாள். பிறகு ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

வார்டு வாசலில் அவளை நிறுத்திச் சொன்னேன். அழக்கூட இல்லை அவள்.

"இப்பத்தானுங்கண்ணா கையக் காட்டுனாங்க" என்றாள். "என்னையப் பார்த்துட்டாங்கல்லங்க?"

சன்னலோரத்தில் பெரியவர் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"பார்த்துட்டான் அம்மிணி. உன்னையும் பார்த்தான், பாப்பாவையும் பார்த்தான்."

சுவரோரக் கட்டிலில் நீ ஏன் இருந்தாய் என்று அவள் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. உன் மகளை வளர்த்ததே அந்தக் கையாட்டலைச் சொல்லித்தான். "உங்கப்பா உன்னைப் பார்த்துட்டுத்தான் போனாரு சாமி, வேணும்னா மாமாவைக் கேளு" என்பாள். நானும் ஆமாம் என்பேன். போன மாதம் உன் பேரனையும் என்னிடம் கேட்கச் சொன்னாள். அவனுக்கும் ஆமாம் என்றேன். நீ சுவரைப் பார்த்தபடி போனது இனி என் ஒருவனுக்குத்தான் தெரியும்.